ஸ்கேன் எடுக்கச் செல்லும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் நான் நாக்பூரில் உள்ள நமது கிளை ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த என் தாயார் எங்களுடன் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 72. உணவு உண்ட ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி எடுப்பதாகச் சில வாரங்களாகவே சொல்லிவந்தார். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து வருமாறு சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டருகே இருந்த தனியார் ஸ்கேன் மையத்திற்கு அவரை அழைத்துச் சென்றேன்.

வரவேற்பில் இருந்த பெண் முதலில் கேட்ட கேள்வி, அம்மா காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்பது. "ஒன்றும் சாப்பிடவில்லை, காப்பி மட்டும் குடித்தார்" என்றேன். காப்பியை உணவுக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் ஸ்கேன் மையத்தின் கணக்கு வேறு. நாளை வெறும் வயிற்றுடன் வாருங்கள் என்று பணிவாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை என்பதால் மீண்டும் சென்றோம். ஸ்கேன் முடிந்து, ஒரு மணி நேரத்தில் அறிக்கையும் கைக்கு வந்தது. மருத்துவரைத் திங்கட்கிழமை மாலைதான் பார்க்க முடியும். அதுவரை அந்த உறையை மூடியபடி வைத்திருக்கலாம். நான் ஆட்டோவிலேயே பிரித்துப் படித்தேன். "என்ன போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டார். பித்தப்பையில் கற்கள் இருப்பதாகவும், வலது சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாகவும் சொன்னேன்.

கற்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. 'கட்டி' என்ற சொல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய அக்காள் வயிற்றில் கட்டி என்று சொல்லப்பட்ட நோயால் இறந்தவர். அன்றிரவும் மறுநாள் இரவும் அம்மா சரியாக உறங்கவில்லை. ஞாயிறு இரவு, குழந்தைகள் உறங்கிய பிறகு, என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா, ஊர்ல பேங்க்ல போட்டிருக்கிற பணத்துக்கு யார் பேரைக் குடுத்திருக்கு? அதைக் கொஞ்சம் பாத்து வச்சுடு."

நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் நியமனதாரர் பற்றிக் கேட்பது என் தொழில். அந்தக் கேள்வியை என் தாயாரே என்னிடம் கேட்டபோதுதான், அந்த இரண்டு நாள்களில் அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

ஸ்கேன் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இன்று அரிது. பரிசோதனை எளிதானது, வலியற்றது. ஆயினும் ஆயத்தம் இன்றிச் சென்றால் ஒரு நாள் வீணாகும். அறிக்கையை அறியாமல் படித்தால் உறக்கம் வீணாகும். இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில், பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒலியால் வரையப்படும் படம்

மனிதச் செவியால் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கேட்க முடியும். அதற்கு மேற்பட்டது மீயொலி. மருத்துவ ஸ்கேனில் பொதுவாக 20 லட்சம் முதல் 1.5 கோடி ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பயன்படுகிறது. மருத்துவர் கையில் பிடித்திருக்கும் புரோப் எனப்படும் கருவி இந்த ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. உறுப்புகளில் பட்டு எதிரொலித்து வருவதை அதே கருவி வாங்கிக்கொள்கிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். எதிரொலி திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டு, கணினி படத்தை வரைகிறது.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்தனர். புரோப்பின் அடிப்படை அதுவே. கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த இயான் டொனால்டு, தம் சக ஆய்வாளர்களுடன் 1958-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இம்முறை மருத்துவத்தில் பரவலாகக் கால்கொண்டது.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. எனவேதான் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. மீயொலியால் காற்றையும் எலும்பையும் கடந்து பார்க்க இயலாது. குடலில் வாயு மிகுந்திருந்தால் அதன் பின்னால் இருக்கும் கணையம் தெளிவாகத் தெரியாது. உடற்பருமன் மிகுந்தவர்களுக்கும் படத்தின் தெளிவு குறையலாம். சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய சிறு கல் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. ஸ்கேன் எடுத்த பிறகும் மருத்துவர் சி.டி. ஸ்கேன் வேண்டும் என்று சொன்னால், முதல் பரிசோதனை வீண் என்று எண்ண வேண்டியதில்லை. அது காட்ட முடிந்ததைக் காட்டிவிட்டது என்றே பொருள்.

ஒரு குவளை காப்பி செய்யும் வேலை

கொழுப்புள்ள உணவு குடலை எட்டியதும் பித்தப்பை சுருங்கி, தன்னிடமுள்ள பித்தநீரைக் குடலுக்குள் செலுத்தும். காப்பியில் உள்ள பாலும் அந்த வேலையைச் செய்துவிடும். சுருங்கிய பித்தப்பைக்குள் கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது கடினம். எங்களைத் திருப்பி அனுப்பியதன் காரணம் இதுதான். பரிசோதனைக்கு ஏற்ப ஆயத்தமும் மாறும்:

வயிறு முழுவதற்குமான ஸ்கேன்: பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் உணவின்றி இருக்கச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாமா என்பதை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கினால் பட்டினி எளிதாகும்.

அடிவயிறு, சிறுநீரகம், கருப்பை, புராஸ்டேட் சுரப்பி: சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரத்திற்கு முன் மூன்று நான்கு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் காத்திருக்கச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, பின்னால் உள்ள உறுப்புகளைப் பார்க்க ஒரு சாளரம் போல உதவுகிறது.

தைராய்டு, மார்பகம், கால் இரத்தக் குழாய்கள்: பெரும்பாலும் எந்த ஆயத்தமும் தேவையில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அன்றைய மருந்தை எப்போது எடுப்பது என்பதை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: மருத்துவரின் சீட்டு, அடையாள அட்டை, முந்தைய ஸ்கேன் அறிக்கைகள். பழைய அறிக்கை இருந்தால், இம்முறை கண்டது புதியதா, முன்பே இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும். கடந்த ஆண்டு இருப்பு நிலைக் குறிப்பு இல்லாமல் இந்த ஆண்டுக் கணக்கைப் படிப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் பழைய அறிக்கை இல்லாமல் புதியதை எடைபோடுவதும்.

ஸ்கேன் அறையில்

திரையில் படம் தெளிவாகத் தெரிவதற்காக அறையில் வெளிச்சம் குறைவாக இருக்கும். மல்லாந்து படுக்கச் சொல்லி, பார்க்க வேண்டிய இடத்தில் ஜெல் தடவுவார்கள். அது சற்றுச் சில்லென்று இருக்கும். தோலுக்கும் கருவிக்கும் இடையில் காற்று புகாமல் இருப்பதற்காகவே இந்த ஜெல். துடைத்தால் போய்விடும். மூச்சை இழுத்துப் பிடிக்கவும், இடப்பக்கம் திரும்பிப் படுக்கவும் சொல்வார்கள். பெரும்பாலான ஸ்கேன்கள் 10 முதல் 20 நிமிடங்களில் முடிந்துவிடும்.

சிலரை ஒருமுறை பார்த்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் பார்ப்பார்கள். ஏதோ கோளாறு கண்டுவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டாம். சிறுநீர்ப்பையில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பதற்காகவே இது. முதிய ஆண்களுக்கு இது வழக்கமான பகுதி.

பெண்களுக்கு ஸ்கேன் செய்யும்போது உடன் ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கருப்பை, சினைப்பை ஆகியவற்றைத் தெளிவாகக் காண உள்வழி ஸ்கேன் தேவை என்று மருத்துவர் கருதினால், அதன் காரணத்தை விளக்கி, உங்கள் ஒப்புதலைப் பெற்ற பின்னரே செய்ய வேண்டும்.

திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். கல் வெண்மையாகத் தெரியும். கல்லைக் கடந்து ஒலி செல்லாததால் அதற்குப் பின்னால் ஒரு கறுத்த நிழல் விழும். அம்மாவின் பித்தப்பையில் அப்படி மூன்று வெண்புள்ளிகளையும் அவற்றின் நிழல்களையும் மருத்துவர் எனக்குக் காட்டினார்.

கேட்கக் கூடாத ஒரு கேள்வி

எந்த ஸ்கேன் மையத்திலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படுவதில்லை என்பதை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அறிவிக்கும் பலகை அது. 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. மையத்தின் பதிவுச் சான்றிதழும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே ஒரு மையத்தை அறிந்துகொள்ள எளிய முதல் வழி.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது 'எஃப்' படிவம் நிரப்பப்படும். பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று கர்ப்பிணியும், அதைக் கண்டறிந்து தெரிவிக்கவில்லை என்று மருத்துவரும் கையொப்பமிட வேண்டும். வீண் தாமதம் என்று இதற்குச் சலித்துக்கொள்ள வேண்டாம். சட்டத்தை மீறும் மருத்துவருக்கு முதல் குற்றத்திற்கே 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலினத்தைக் கண்டறிந்து சொல்லுமாறு நாடுபவருக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கணவரோ உறவினரோ வற்புறுத்தியதாலேயே கர்ப்பிணி இதற்கு உடன்பட்டார் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, நீதிமன்றம் கருதிக்கொள்ளும்.

இச்சட்டத்தின் தேவையை எண்களே சொல்லும். ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-இல் அது 927 ஆகவும், 2011-இல் 918 ஆகவும் குறைந்தது.

கர்ப்ப காலத்தில் ஸ்கேன் செய்வதன் உண்மையான நோக்கங்கள் வேறு. தொடக்க வாரங்களில் கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்பதும் அதன் வயதும் அறியப்படுகின்றன. 11 முதல் 14 வாரங்களுக்குள் குழந்தையின் கழுத்துப் பின்புற நீரின் அளவு பார்க்கப்படுகிறது. 18 முதல் 20 வாரங்களையொட்டி இதயம், மூளை, முதுகெலும்பு முதலியன விரிவாகப் பார்க்கப்படுகின்றன. இந்த வாரக் கணக்கு முக்கியமானது. தவறவிட்டால் சில தகவல்கள் பின்னர் கிடைக்கா. தனியார் மையத்தின் கட்டணம் சுமையாக இருப்பவர்கள், 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக நடைபெறும் சிறப்புப் பரிசோதனையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

வணிகவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நினைவிருக்கும். வங்கி ஏடு ஒரு தொகையைக் காட்டும், ரொக்க ஏடு வேறொரு தொகையைக் காட்டும். ஒன்றை மட்டும் பார்த்துப் பணம் காணாமற்போய்விட்டது என்று அலறுவது புதியவர்களின் வழக்கம். இரண்டையும் அருகருகே வைத்துச் சரிக்கட்டினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஸ்கேன் அறிக்கையும் ஒற்றை ஏடுதான். அது படத்தில் கண்டதைச் சொல்கிறது. உங்கள் வலி, வயது, இரத்தப் பரிசோதனை, பழைய நோய்கள் ஆகியவற்றை அறிந்தவர் உங்களை அனுப்பிய மருத்துவர். இரண்டையும் சரிக்கட்டுவது அவர் வேலை. அறிக்கையின் கடைசியில், நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்ற பொருளில் ஒரு வரி இருப்பதைக் காணலாம். அது வெறும் சம்பிரதாய வரி அன்று.

அறிக்கையின் முற்பகுதியில் ஒவ்வோர் உறுப்பின் அளவும் தோற்றமும் இருக்கும். முடிவில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பில் சுருக்கமான கருத்துரை இருக்கும். பெயர், வயது, வலம் இடம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று மட்டும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் உடனே திருத்தித் தருவார்கள். மற்றவற்றின் பொருளை மருத்துவரிடமே கேளுங்கள். இது எதனால் வந்தது? இதற்குச் சிகிச்சை வேண்டுமா? மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா, வேண்டுமானால் எப்போது? இம்மூன்று கேள்விகள் போதும்.

கட்டணமும் ரசீதும்

முன்பதிவு செய்யும்போதே மொத்தக் கட்டணத்தைக் கேளுங்கள். டாப்ளர் பரிசோதனை சேர்ந்தால் கட்டணம் கூடும். மருத்துவமனைகளும் பரிசோதனை நிலையங்களும் அளிக்கும் நோயறிதல் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. எனவே ரசீதில் அப்படியொரு வரி இருந்தால் விளக்கம் கேளுங்கள். ரசீது, மருத்துவரின் சீட்டு, அறிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பாதுகாத்து வையுங்கள்.

காரணம் இது. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தாலும் தருவதில்லை. ஆனால் அதே நோய்க்காகப் பின்னர் உள்நோயாளியாகச் சேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய குறிப்பிட்ட நாள்களில் ஆன பரிசோதனைச் செலவையும் கோரலாம். பல பாலிசிகளில் இது 30 நாள்கள். பித்தப்பைக் கல் போன்ற நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. உங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

நோய் வருமுன் காக்கும் உடல் பரிசோதனைக்கு, வருமான வரிச் சட்டத்தில், உரிய பிரிவின் மொத்த வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. இது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

திங்கட்கிழமை மாலை

மருத்துவர் அறிக்கையைப் படித்தார். வலிக்குக் காரணம் பித்தப்பைக் கற்களே என்றும், அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்றும் சொன்னார். சிறுநீரகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே கேட்டேன். அவர் அறிக்கையில் ஒரு சொல்லின் மீது விரலை வைத்துக் காட்டினார். 'சிம்பிள்' என்ற சொல் அது. எளிய நீர்க்கட்டி என்று எழுதியிருந்ததை, வெறும் நீர்க்கட்டி என்று நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தேன். தணிக்கை அறிக்கையில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் பொருள் எப்படி மாறும் என்பதை அறிந்த நான், என் தாயாரிடம் அதே பிழையைச் செய்திருந்தேன்.

"தலைமுடி நரைப்பதைப் போன்றதுதான். வயதானால் பலருக்கும் வரும். அதை விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று மருத்துவர் இந்தியில் சொன்னார். இம்முறை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். அம்மா தம் நரைத்த தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அன்றிரவு நன்றாக உறங்கினார்.

மூன்று வாரங்களுக்குள் லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் புதுப்பித்துவந்த காப்பீட்டில் அந்தச் செலவும், ரசீதைப் பத்திரப்படுத்தியிருந்ததால் ஸ்கேன் கட்டணமும் திரும்பக் கிடைத்தன.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அம்மாவின் வைப்புக் கணக்கைப் பார்த்தேன். நியமனதாரர் இடத்தில், ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான என் தந்தையின் பெயரே இருந்தது. எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டிய நான், என் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை. அன்றே மாற்றினோம். படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டு அம்மா கேட்டார்: "இதுக்கும் வெறும் வயித்தோட வரணுமா?"

வேண்டியதில்லை. காப்பி குடித்துவிட்டே வரலாம். உங்கள் வைப்புகளில் யார் பெயர் இருக்கிறது என்பதை, அடுத்த முறை கிளைக்கு வரும்போது நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.